இரண்டு வருஷத்து மனிதர்

“கண்ண மூடிக்கங்க சார். என்ன வாசனைன்னு சொல்லுங்க,” என்றார் டாக்டரம்மா. சின்னக் குப்பியின் மூடியைத் திருகி, எதிரே உட்கார்ந்திருந்தவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிக்கே காப்பிப் பொடியின் வாசனை கும்மென்று வந்தது. அவரோ உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன டாக்டர், காலி பாட்டிலக் காட்டி என்னையே ஏமாத்தப் பாக்கறீங்களா? நான் பசங்களோட காலம்பூரா மாரடிச்ச வாத்தியாராக்கும்!” அடுத்து டாக்டரம்மா சோப்பைப் பிடித்தார். அதற்கும் அதே சிரிப்புதான். மனைவிக்கு வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. போன மாதம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, சமையலறை முழுக்க கேஸ் நாற்றம். துணி உலர்த்தப் போயிருந்தவள் அலறிக்கொண்டு ஓடிவந்தால், இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “எதுக்கு அழகி இப்படிக் கத்தற?” என்றார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடி மாற்றத்தான் போனார்கள். கண் டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணில் நரம்பு வெளுத்திருக்கிறது, இன்னொன்றில் வீங்கியிருக்கிறது, இப்படி ரெண்டு கண்ணும் ரெண்டு விதமாக இருப்பது அபூர்வம், கோளாறு கண்ணில் இல்லை, அதற்குப் பின்னால் என்று சொல்லி அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். இப்போது அந்தப் படம் டாக்டரம்மாவின் திரையில் இருந்தது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பாதிகளையும் இரு பக்கமும் தள்ளிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, வெள்ளையாக ஒரு உருண்டை.

ரத்தம் எடுக்க நர்ஸ் அவரை அழைத்துப் போனதும் டாக்டரம்மா கேட்டார். “சுபாவத்துல ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?”

“அப்பா இப்பதான் டாக்டர் நல்லா இருக்காரு,” என்று கூட வந்திருந்த மகள் முந்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஸ்கேல் வாத்தியார் என்று பெயர். வீட்டில் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ரேடியோ தானாக வாயை மூடிக்கொண்டது போல இருக்கும். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, அக்கம்பக்கம் எல்லாம் பார்க்க, நீ வளர்த்த லட்சணம் என்று இவளை அறைந்தார். அன்றிலிருந்து இடது காது சரியாகக் கேட்பதில்லை. அதற்குப் பிறகு மகளின் பேச்சை வீட்டில் எடுக்க முடியாது. அவருக்குத் தெரியாமல் பழக்கடைக்காரம்மாவின் போனில்தான் பேத்தி பிறந்த சேதியே இவளுக்குக் கிடைத்தது. ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, இன்றைக்கு ரெண்டு வருஷம் முன்னால் ஒருநாள் காலை, பல் தேய்க்கும்போது அவர் பாடுவது கேட்டது. யார் வீட்டு ரேடியோவோ என்று நினைத்தாள். கொஞ்ச நாளில் அவளை அழகி என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு அவராகவே மகளுக்குப் போன் போட்டு, “கழுதை, பேத்திய எப்பக் கண்ணுல காட்டப்போற?” என்றார். ஒருவாரம் கழித்து அந்தக் குழந்தை அவர் முதுகில் ஏறி வீடு முழுக்கச் சவாரி போயிற்று. சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, யாராவது வந்து எழுப்பிவிடப் போகிறார்களோ என்று பயமாக இருந்தது.

மற்றதும் நடந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தபோது பிணத்தின் தலைமாட்டில் நின்று ஜோக் சொன்னார். பட்டப்பகலில் பால்கனியில் நின்று ஒன்றுக்குப் போனார். அவள் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, வயசாயிடுச்சுல்ல என்று எல்லோரிடமும் சொல்லி மழுப்பினாள். கிடைத்த நல்ல மனுஷனை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

“முன்னெல்லாம் கோபம் வரும்,” என்றாள் கடைசியில். “இப்ப வர்றதில்ல.”

டாக்டரம்மா அவசரப்படாமல் சொன்னார். புற்று கிடையாது. மூளையின் உறையிலிருந்து முளைத்த கட்டி. பத்து பதினைந்து வருஷமாக ஆமை மாதிரி வளர்ந்திருக்கும். முதலில் வாசனை நரம்பை நசுக்கியிருக்கிறது. பிறகு, எதைச் செய்யலாம், எதை அடக்கிக்கொள்ளணும் என்று பார்த்துக்கொள்கிற இடத்தை. இப்போது பார்வை நரம்பில் கை வைத்துவிட்டது. எடுக்காவிட்டால் கண் போகும், அப்புறம் உயிர்.

“அப்ப ரெண்டு வருஷமா எங்களோட இருந்தது யாரு டாக்டர்?” என்று கேட்டாள் அம்மா.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “அவருதாம்மா. பிரேக் பிடிக்காத அவரு. கட்டிய எடுத்தப்புறம் எவ்வளவு திரும்பி வருவாருன்னு என்னால சொல்ல முடியாது. சில பேரு முழுசா பழையபடி ஆயிடறாங்க. சில பேரு நடுவுல எங்கயோ நின்னுடறாங்க. தெரியாதத தெரியும்னு நான் சொல்லக்கூடாது.”

வெளியே வராந்தாவில் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “என் பொண்ணுக்குத் தாத்தான்னா இந்த மனுஷனத்தாம்மா தெரியும்.” அம்மா அழவில்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததில் அவளுக்கே உடம்பு கூசியது. அன்று சாயங்காலமே சம்மதக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் வார்டில் தலையை மழித்தார்கள். மழிக்க வந்தவரிடம், “பாத்துப்பா, உள்ள ஒரு பழம் இருக்கு, நறுக்கிடாத,” என்று கேலி பேசிச் சிரிக்கவைத்தார். மழித்தவர் போனதும் கணவனும் மனைவியும் தனியாக இருந்தார்கள். மொட்டைத் தலையோடு பெரிய குழந்தை மாதிரி கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்தவரைப் பார்க்கப் பார்க்க, கேட்பதானால் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு இந்த மனிதர் இருப்பாரோ மாட்டாரோ. ஒரு வார்த்தையை இவரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்.

“ஏங்க, பொண்ணு போன அன்னிக்கு வாசல்ல என்ன அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாம?” அவர் முகம் மலர்ந்தது. “ஒரே அறை! நீ அப்படியே பம்பரம் மாதிரி ஒரு சுத்து சுத்தி உக்காந்த பாரு!” சொல்லும்போதே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையை வீசிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வர, கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “பம்பரம்!”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மனிதர் அவளை ஒருநாளும் அடிக்க மாட்டார். அடித்ததற்கு வருத்தப்படவும் மாட்டார். வருத்தப்பட ஆள் என்று ஒருவர் உண்டென்றால் அது அந்தப் பழையவர்தான். அவர் வந்தால்தான் உண்டு. வந்தாலும் அவர் வாயிலிருந்து அது வருமா? அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லாமல் போர்வையை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் காலையில் உள்ளே போனவர்கள் வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் வெளியே வந்தார்கள். டாக்டரம்மாவின் நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. “முழுசா எடுத்தாச்சும்மா. கண்ணு நரம்புல ஒட்டிட்டிருந்தத கொஞ்சம் கொஞ்சமா உரிச்செடுக்கத்தான் நேரமாயிடுச்சு.” மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கும்பிட்டாள்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஒரு கண் தெளிந்தது. இன்னொன்றில் புகை மூட்டமாகத்தான் தெரிந்தது. வாசனை போனது போனதுதான். பாட்டு நின்றது. அழகியும் நின்றாள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, கணக்குப் போடுகிறவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்தபோது குழந்தை பாய்ந்து மடியில் ஏறியது. அவர் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தானாகவே இறங்கி அம்மாவிடம் போயிற்று.

அவர்கள் கிளம்பிப் போனபிறகு கேட்டார். “நான்தான் இவங்கள வரச் சொன்னனா?”

“ஆமா. ஞாபகம் இல்லியா?”

“எல்லாம் இருக்கு,” என்றார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, “வேற எவனோ பண்ண மாதிரி இருக்கு,” என்றார். இனி வரக்கூடாது என்று சொல்லவில்லை. வரட்டும் என்றும் சொல்லவில்லை. அவள் மெதுவாக நடக்கப் பழகினாள். பழகினாள் என்ன, பழசு கால்களுக்கே ஞாபகம் இருந்தது. பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். அவர் தொண்டையைக் கனைத்தால் கைவேலை நின்றது.

ஒரு காலை மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவளின் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவித் தரையில் விழுந்து சிதறியது. நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிட்டார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண் இறுக மூடிக்கொண்டது.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் ஓரடி தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தையும் அல்ல, கீழே கிடந்ததையும் அல்ல. முகத்துக்கு முன்னால் அவள் தூக்கி மறைத்திருந்த கையை.

வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். ஜன்னல் வெயிலில் தரை முழுக்கத் தண்ணீரும் சில்லுகளும் ஒன்றுபோலவே மின்னின. எது எது என்று அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை போல. விரல்களால் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தார்.

“நகராத. கால்ல குத்திடும்,” என்றார். பழைய குரல்தான். ஸ்கேல் வாத்தியாரின் குரல்.

அவள் நகரவில்லை.

“கைய எறக்கு,” என்றார் நிமிராமலே.

அது அதட்டலா, கெஞ்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருடைய விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு துளிர்த்துத் தண்ணீரில் இழையாகக் கலைந்தது. அவர் கவனிக்காமல் அடுத்த சில்லைத் தேடி மேஜைக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் கை இன்னும் காற்றில்தான் இருந்தது.