ரப்பர் மூடிக்கு என்ன விலை

எங்கள் கடையில் ஒரு குழாய்க்கு விலை வைத்து முடிப்பதற்குள் அந்தக் குழாயே துருப்பிடித்துவிடும். இதைக் கோபத்தில்தான் சொல்கிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பதை என் கணவர் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

குளியலறைச் சாமான்கள் மொத்த வியாபாரம். குழாய், ஷவர், வாஷ்பேசின், சோப்புத் தட்டு என்று நானூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள். முதலாளிகள் இரண்டு பேர். ஒருவர் என் மாமியார், இன்னொருவர் அவருடைய தங்கை. நான் அத்தை, சின்னத்தை என்று கூப்பிடுவேன். கம்ப்யூட்டரில் விலைப்பட்டியலைத் திருத்துவது என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது வரைவு போடுவோம். வரைவாக இருக்கும்வரை மூன்று பேரும் அதில் கை வைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். நான் 'வெளியிடு' என்ற பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டால் தீர்ந்தது. முந்நூற்று நாற்பது சில்லறைக் கடைக்காரர்களின் போனில் புது விலை போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே போன வரியும் வரைவில் பூட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. ஏன் மாற்றினோம் என்ற காரணத்தை அதில் எழுதலாம். ஆனால் எழுதியது விலையோடு சேர்ந்து கடைக்காரருக்கும் போய்விடும். அதனால் வெளியிடுவதற்கு முன் எல்லாப் பெட்டியையும் நான் துடைத்துவிடுவேன். மற்ற கம்பெனிகளில் அந்தப் பெட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். எங்கள் கடையே அதில்தான் ஓடுகிறது.

காரணம், அத்தையும் சின்னத்தையும் பதினொரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு கடைக்காரருக்குச் சின்னத்தை தள்ளுபடி கொடுத்தார். அந்த ஆளை எதிரில் வைத்துக்கொண்டே அத்தை, "உனக்கு வியாபாரம் தெரியாது" என்றார். இருபத்தாறு வருஷம் கூடவே நின்று கடையை வளர்த்தவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? சின்னத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கும் கிடங்கு அறைக்குப் போய்விட்டார். அத்தை முன் அறையில். நடுவே பதினான்கு எட்டு நீளத்துக்கு ஒரு நடை, அந்த நடையில் என் மேசை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

இரண்டு பேரும் சரி என்று சொல்லாமல் ஒரு விலையும் வெளியே போகக் கூடாது என்பது கடையின் சட்டம். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் சரி சொல்ல வேண்டும் என்பதால் குறிப்புப் பெட்டியில் எழுதிக்கொள்வார்கள்.

இந்தத் தடவை பித்தளை விலை எகிறிவிட்டது. அறுநூறு வீடு கட்டும் ஒரு கான்ட்ராக்டர், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலில் என்ன விலை இருக்கிறதோ அந்த விலைக்கு ஆர்டர் போடுவேன் என்று சொல்லிவிட்டார். பழைய விலையே இருந்தால் ஒவ்வொரு குழாய்க்கும் நாங்கள் கையிலிருந்து போட வேண்டும். போன தடவை பட்டியல் ஒன்பது நாள் தாமதமாக வந்தது. இழுத்தடித்தது அவர்கள், பழி என் தலையில்.

"இந்தத் தடவையும் இழுத்தா வேலையை வெளியாளுங்ககிட்ட குடுத்துடுவேன்" என்றார் அத்தை.

நான் உடனே போய்ப் பட்டியலைத் திறந்தேன். இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கலைந்து கிடக்கும் நானூறு எண்களை ஒன்றோடொன்று மோதாமல் உட்கார வைக்கும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. வாஷ்பேசினை அடைக்கிற ரப்பர் மூடி. கடையிலேயே மலிவான சரக்கு அதுதான். அத்தை பன்னிரண்டு என்று போடுவார், சின்னத்தை பதினொன்று ஆக்குவார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி பன்னிரண்டு. ஐம்பத்தேழு தடவை மாறியிருந்தது.

முன் அறைக்குப் போனேன். "அத்தை, அந்த மூடிக்குப் பதினொன்னுன்னே வெச்சுடலாமா? ஒண்ணுதானே வித்தியாசம்."

"இன்னிக்கு மூடியில விடுவோம், நாளைக்குக் குழாயில விடுவோம். பன்னெண்டு."

கிடங்குக்குப் போனேன். "சின்னத்தை, பன்னெண்டுன்னு விட்டுக் குடுத்துடுங்களேன்."

"அவங்களுக்குத்தான் வியாபாரம் தெரியுமே, என்னை எதுக்குக் கேக்கற? பதினொன்னு."

இரண்டு பேரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். நான் திரும்பி வந்து என் மேசை இழுப்பறையைப் படார் என்று சாத்தினேன். இரண்டு அறைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை குறிப்புகளைத் துடைக்க உட்கார்ந்தேன். வழக்கமாகப் படிக்க மாட்டேன், துடைத்துக்கொண்டே போவேன். ரப்பர் மூடியின் பெட்டி மட்டும் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று மேலிருந்து படித்தேன்.

'ரப்பர் ஏறிடுச்சு. 12.'

'ரப்பர் ஏறலை. 11.'

'ஏறிடுச்சு. 12.'

'கண்ணு டாக்டர்கிட்ட போனதா கேள்விப்பட்டேன். 11.'

'போனேன். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. 12.'

'எத்தனை வேளை? 11.'

'மூணு. தனியா போட வரலை, கன்னத்துலதான் விழுது. 12.'

'கண்ணாடி முன்னாடி நின்னு போடு. 11.'

'கண்ணாடியைப் பார்த்தா கண்ணை எப்படி மேல தூக்கறது? வியாபாரம்தான் தெரியாதுன்னு நினைச்சேன். 12.'

'உன் மருமகளைப் போடச் சொல்லேன். 11.'

'அவ கை வெடுக்கு வெடுக்குன்னு இருக்கும். 12.'

இப்படியே நீண்டுகொண்டு போய், கடைசியில் சின்னத்தையின் 11-இல் நின்றிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. என் கையைப் பற்றிப் படித்தபோது கோபம் வந்தது. அப்புறம் மேலிருந்து இன்னொரு தடவை படித்தேன். மூடிக்கு விலை ஒத்துப்போய்விட்டால் அந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் ஒத்துப்போகவில்லை. அதை என்னால் துடைக்க முடியவில்லை.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. அந்த வரியை மட்டும் வரைவிலேயே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளியிடுவோம், மூடி பழைய விலையிலேயே கிடக்கட்டும் என்று முடிவு செய்தேன். விட்டுவிட வேண்டிய வரி எது என்று காட்ட, மூடிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். டிக் போட்டது மட்டும்தான் வெளியே போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், மூன்று வருஷமாகத் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும்.

போன் அடித்தது. ஒரு கடைக்காரர்.

"என்னம்மா, புதுப் பட்டியல்ல ஒரே ஒரு ரப்பர் மூடிதான் இருக்கு. அது கிடக்கட்டும், பெரியம்மாவுக்குக் கண்ணுல என்ன?"

அந்தப் போனை வைப்பதற்குள் முன் அறை போன் அடித்தது, அப்புறம் கிடங்கு போன். சொட்டு மருந்து போட்டதும் இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் வைத்தியம் சொன்னார். பதினொன்றுதான் நியாயமான விலை என்று இன்னொருவர் சின்னத்தை கட்சியில் சேர்ந்தார்.

இரண்டு அறைக் கதவும் ஒரே சமயத்தில் திறந்தன. இரண்டு பேரும் என் மேசைக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அத்தையின் முகம் சிவந்திருந்தது.

"ஊரே என் கண்ணைப் பத்திப் பேசுது. இவகிட்ட யாரு இந்த வேலையைக் குடுத்தது?"

"நீதானே குடுத்த" என்றார் சின்னத்தை.

அத்தை என் தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தார். பதினொரு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல் அது, திட்டுவதாக இருந்தாலும்.

மணி பதினொன்று ஐம்பத்தாறு. எனக்கு அழ நேரமில்லை. மீதி நானூற்றுப் பதினொன்றுக்கும் டிக் போட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, பொத்தானை அழுத்தினேன். திரையில் 'வெளியிடப்பட்டது' என்று வந்தபோது பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

"போயிடுச்சு அத்தை. எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"காலைல மருந்து போட்டியா?" என்று சின்னத்தை கேட்டார்.

"கன்னத்துல போட்டேன்."

"குடு இங்க."

அத்தை இடுப்பிலிருந்து சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். சின்னத்தை விரலால் அவர் இமையைப் பிரித்தார். கான்ட்ராக்டரின் ஆர்டர் வந்துவிட்டதாகத் திரையில் மணி ஒலித்தது. புது விலைதான். இரண்டு பேருக்கும் கேட்டதாகவே தெரியவில்லை.

"அத்தை, மூடி மட்டும் பதினொன்னுன்னு போயிடுச்சு" என்றேன் மெல்ல. "புது வரைவு போட்டு மாத்திடட்டுமா?"

"பன்னெண்டுன்னு மாத்து" என்றார் சின்னத்தை, குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா சொன்னதுதான் சரி."

"வேணாம்" என்றார் அத்தை. கண்ணிலிருந்து மருந்து வழிந்துகொண்டிருந்தது, மருந்து மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. "அவ சொன்ன பதினொன்னே இருக்கட்டும்."

"பன்னெண்டு, அக்கா."

"பதினொன்னுன்னு சொல்றேன்ல?"

"பேசாம கண்ணை மூடு. பன்னெண்டு."

நான் நின்றபடியே ரப்பர் மூடிக்கு மட்டும் ஒரு புது வரைவைத் திறந்தேன்.