டம்மாளு

கேளம்பாக்கத்தில் பாட்டுப் பதிவு செய்கிற மணி குடியிருந்த ஃபிளாட்டின் பின்னறையில், சத்தம் விழக் கூடாதென்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. காலை பதினொரு மணிக்கே தாவீதின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெரிய வயலின் போலத் தன் உயரத்துக்கு நின்ற பேஸை இடுப்பில் சாய்த்து, கம்பியை இழுத்து மரத்தில் அறைந்து பார்த்தான். டக். டக். இந்த மாதிரிப் பாட்டுக்கு டிரம்ஸ் கிடையாது. அந்த அறைதான் தாளம்.

மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் ஞாயிறு மதியம் சாப்பிட வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக அவனும் வரதனும் ஆரம்பித்த வேலை. எழுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பாட்டு, ராக்கபில்லி என்று பேர். பாடுகிறவன் விக்கல் வந்தவன் போலக் குரலை வெட்டி வெட்டிப் பாட வேண்டும். வரதனுக்கு அது தானாக வந்தது. மற்ற நாட்களில் அவன் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். நாலு வருஷம் அடுத்தவர் பாட்டையே பாடிவிட்டு, இந்த மாதம்தான் தமிழில் சொந்தமாக ஒன்று கட்டியிருந்தான். ஒத்திகையில் மெட்டை மட்டும் முனகினான். வார்த்தை கேட்டதற்கு, ரெகார்டிங்கில் கேட்டுக்கோ என்றுவிட்டான்.

மணி கையைக் காட்டினான். கிதார் ஓடத் தொடங்கியது. வரதன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

"விடியுற நேரத்துல கூப்ட்டேன்டி, டம்மாளு... டம்-டம்-டம்மாளு..."

தாவீதின் கை நிற்கவில்லை. மற்றதெல்லாம் நின்றுவிட்டது.

அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அக்கா ரெபேக்காளின் புருஷன் ஜெபசிங். மகள் சிநேகா தவழ்கிற வயதில் கரண்டியால் தட்டைப் போட்டு டம் டம்மென்று அடிப்பாள் என்று அவர் வைத்த பெயர். அக்காகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு வயதானதும் சிநேகா கோபித்துக்கொள்ள, வீட்டுக்கு வெளியே அவர் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார். எட்டு மாதம் முன்பு, விடியற்காலை போட் ஹவுஸ் வேலைக்கு பைக்கில் போனவரை முட்டுக்காட்டில் ஏதோ ஒரு கார் அடித்துப் போட்டது. கால் மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். கார் எதுவென்று கடைசிவரை தெரியவில்லை. அடக்கத்துக்கு வந்த வரதன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். செத்தவர் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை போல என்று தாவீது அன்று நினைத்துக்கொண்டான்.

"செம்மயா வந்துகீதுண்ணா," என்றான் மணி. "இன்னொரு டேக் போலாமா?"

"டம்மாளுன்னா இன்னா, வரதா?"

வரதன் கிதார் கம்பியை முறுக்கினான். சுருதி சரியாகத்தான் இருந்தது. "சும்மா வாயில வந்துச்சு மச்சான்."

இரண்டாவது டேக்கும் எடுத்தார்கள். தாவீது ஓர் அடிகூடப் பிசகாமல் வாசித்தான். எப்படி வாசித்தோம் என்பது பிறகு யோசித்தபோது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பும்போது வரதனின் காரில் பின்சீட்டை மடக்கி பேஸைப் படுக்க வைத்து, அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கார் கோவளத்தைத் தாண்டியது. முட்டுக்காடு பாலம் தெரிந்ததும் தாவீது சொன்னான்: "எங்கன்னு காட்டு."

எதை என்று வரதன் கேட்கவில்லை. பாலத்துக்கு நூறடி முன்னால் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தான்.

"மாமா பேசினாரா?" என்றான் தாவீது.

"தண்ணி கேட்டாரு. பாட்டில்ல இருந்தத குடுத்தேன். அப்பால அந்தப் பேரதான் சொல்லிகினே இருந்தாரு. யாருன்னு எனக்குத் தெரியாது மச்சான், சத்தியமா. உங்க மாமான்னு தெரிஞ்சதே மறுநாள்தான்."

"பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி கீது."

"பயந்துட்டேன்."

"அத பாட்டா போட்டியே, அப்ப பயமா இல்லியா?"

"எட்டு மாசமா காதுலியே கீதுடா. வண்டி ஓட்டினா, சாப்ட்டா, எப்பவும். வெளிய வுட்டா போயிடும்னு நெனச்சேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போவல."

தாவீதின் போன் அதிர்ந்தது. பாட்டிலிருந்து முப்பது விநாடியை மணி அதற்குள் இன்ஸ்டாவில் ஏற்றிவிட்டிருந்தான். கீழே இதயங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. சிநேகாவுக்குப் பள்ளி விட இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் போனைத்தான் எடுப்பாள். உடனே அழித்துவிடச் சொல்லி மணிக்கு எழுத ஆரம்பித்தான். பாதியில் விரல் நின்றது. பதிவையே மணி மொத்தமாக அழித்துவிட்டால் போலீசிடம் காட்ட என்ன இருக்கும்?

எழுதியதை விட்டுவிட்டு அக்காவின் எண்ணை அழுத்தினான்.

வரதன் கதவைத் திறந்து இறங்கினான். ஓடவில்லை. சாலையோரத் தடுப்பில் போய் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி அவனை உரசுகிற மாதிரிப் போனது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்லுடா தம்பி," என்றாள் ரெபேக்காள். பின்னால் குக்கர் விசிலடித்தது. "தாவீது? இன்னாடா, பேச மாட்டேன்றே?"

கீழே காயலில், இன்ஜின் நின்றுபோன சவாரிப் படகு ஒன்று முகத்துவாரத்தை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய ஏழெட்டுப் பேர் அதில் எழுந்து நின்று கைகளை ஆட்டினார்கள். விளையாட்டுக்கு ஆட்டுகிறார்களா, உதவி கேட்கிறார்களா என்று இவ்வளவு தூரத்திலிருந்து அவனால் சொல்ல முடியவில்லை.