தலையாட்டாத ஒரு மணி நேரம்

காலை ஏழு மணிக்கே சீருடையை மாட்டிக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டாள் தலையாட்டி. கழுத்து நேர். தாடை நேர். கண்ணாடியில் தெரிந்த பெண்ணைப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்று கேட்டாள். அவள் துளிகூட அசையாமல், “புரிஞ்சுது” என்றாள்.

“தயாரா?”

“தயார்.”

பேக்கரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த வீட்டுக்காரர், புருவத்தில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

“என்ன, பொண்ணு பார்க்க யாராவது வராங்களா?”

“பேச்சுக் குடுக்காதீங்க. ஆடாமப் பழகிட்டிருக்கேன்.”

“அதுக்கு எதுக்குப் பழக்கம்? பதினாலு வருஷமா நான் எது கேட்டாலும் இந்தத் தலை சரின்னு ஆடினதே இல்லையே!”

சிரிப்பு பீறிட்டது. சிரித்ததும் தலை தானாகவே இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டம் போட்டது. “போச்சு! எல்லாம் உங்களாலதான்!” என்று துண்டைச் சுருட்டி அவர்மேல் வீசினாள்.

இன்று அவளுக்கு பஸ் ஓட்டும் தேர்வு. மூன்றாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் பஸ் கம்பெனி ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடும்; மூன்று வாய்ப்புதான் என்று பயிற்சியில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்புறம் பழையபடி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்தான், படுக்கை விரிப்பு மடிக்கிற வேலைதான்.

தேர்வு ஒன்பதரைக்கு. பன்னிரண்டு மணிக்கு, டிப்போவுக்கு எதிரே இருக்கிற பஸ் நிலையத்திலிருந்து, அவளுடைய சிநேகிதி ஊசி விமான நிலைய பஸ்ஸில் ஏறி இந்த நாட்டை விட்டே போகிறாள். வேறொரு நாட்டில், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது.

“பாஸ் பண்ணிட்டு வந்து என்னை வழியனுப்பு. ஃபெயிலாகி மூஞ்சியத் தூக்கிட்டு வந்தேன்னு வையி, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்” என்று நேற்றே மிரட்டி வைத்திருந்தாள் ஊசி.

தலையாட்டி என்று பெயர் வைத்ததே அவள்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், இந்த ஊருக்கு வந்த மூன்றாவது வாரம், ரத்தப் பரிசோதனைக்காக இவள் ஒரு வெள்ளை அறையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் போட்ட ஒருத்தி ஊசியை இறக்கிவிட்டு இந்த ஊர் பாஷையில் என்னவோ கேட்டாள். இவளுக்குத் தெரிந்த ஒரே பதிலாகத் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்தாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து சுத்தத் தமிழ் வந்தது: “வலிக்குதுன்னு ஆட்டுறியா, வலிக்கலைன்னு ஆட்டுறியா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா, தலையாட்டி பொம்மை!”

மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேயே உடைந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். ரத்தம் எடுக்கிறவளுக்கு அன்றைக்கே ‘ஊசி’ என்று பெயர் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டாள். விசாரித்தால் அவள் குடியிருப்பதும் இவளுடைய கட்டடத்தில்தான், மூன்றாம் மாடி. அதன் பிறகு இரண்டு வீட்டுச் சாவியும் இரண்டு பேரிடமும் இருந்தன.

பஸ் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தலையாட்டிக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தினமும் சலவைக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்காருவாள். அகலமான அந்த ஸ்டியரிங் மெதுவாகத் திரும்ப, தெருவே கூடத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். இந்த ஊர்தான் இத்தனை நாளாகத் தன்னைச் சுமந்துகொண்டு போகிறது. ஒரு தடவையாவது தான் அதைச் சுமக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. நாற்பது பேர் தன்னை நம்பி ஏறி உட்கார வேண்டும். தோன்றியதை ஊசியிடம்தான் முதலில் சொன்னாள். ஊசி சிரிக்கவில்லை. மறுநாளே விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள்.

ஓட்டுவதில் குறையே இல்லை. குறையெல்லாம் தலையில். முதல் தேர்வில், மூக்குக்கண்ணாடியும் கையில் தாள்கள் செருகிய அட்டையுமாக இருந்த தேர்வாளர், போக வேண்டிய வழியைச் சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டார். இவள் தலையைச் சாய்த்தாள். அவர் மறுபடி மறுபடி கேட்டார். காது கேட்கவில்லை போல என்று இவள் இன்னும் பலமாக ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அவர் முகம் சுருங்கியது. அட்டையில், ‘சொல்வதைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார்’ என்று எழுதிவிட்டார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில். இரண்டுக்கும் நடுவே தோளைத் தொடப் பார்க்கிற ஆட்டத்துக்கு அவர்களிடம் அர்த்தமே கிடையாது.

இரண்டாவது தேர்வில் கழுத்தை இரும்புக் கம்பியாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் ஆட்டம்கூட இல்லை. ஆனால் கழுத்தைத் திருப்பினால் தலை ஆடிவிடுமோ என்ற பயத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ‘கண்ணாடி பார்க்கவில்லை, ஆறு தடவை’ என்று எழுதினார் மூக்குக்கண்ணாடி.

“அடிப்பாவி, திருப்பணும், ஆட்டக்கூடாது. இதுகூடவா தெரியாது?” என்று தலையில் அடித்துக்கொண்ட ஊசி, அன்று சாயங்காலமே பாடத்தை ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேஜையில் தலையாட்டியை நிமிர்ந்து உட்காரவைத்து, உச்சந்தலையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர்.

“சாப்டியா?”

டம்ளர் கவிழ்ந்தது. சட்டையெல்லாம் தண்ணீர்.

“வாயால சொல்லுடி. வாய் எதுக்கு இருக்கு?”

“சாப்டேன்.”

“பொண்ணு ஸ்கூலுக்குப் போயிட்டாளா?”

டம்ளர் மறுபடி கவிழ்ந்தது.

பத்து நாள் இப்படியே. தரை துடைத்துத் துடைத்து மகளே சலித்துப்போய், “அம்மா, நீ காலி டம்ளரை வச்சுக்கிட்டா என்ன?” என்றாள். ஈரத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோதுதான் தன் தலை என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. சரி என்பது அதில் ஒரு பங்குதான். கேட்டுட்டிருக்கேன், நீ சொல்லு, ஐயோ பாவம், அட, அப்படியா, பரவாயில்லை விடு. வாயைத் திறக்காமல் இத்தனையும் சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவளுடைய வீட்டில் இரண்டு பேர், வெளியில் ஒரே ஒருத்தி.

பதினோராம் நாள் ஊசி டம்ளரை வைத்தாள். வழக்கமான கேள்விகள் கேட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு, அதே குரலில், “எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன். புரிஞ்சுதா?” என்றாள்.

தலை ஆடவில்லை. தண்ணீர் ஆடவில்லை. எதுவுமே ஆடவில்லை.

“பாரு, எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கே” என்றாள் ஊசி. சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து அந்தத் தண்ணீரைத் தானே மடக் மடக்கென்று குடித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தேர்வுத் தேதியும் பயணத் தேதியும் ஒன்றாகவே வந்து நின்றன.

ஒன்பதரைக்குச் சொன்ன தேர்வு பத்தேகால் வரைக்கும் ஆரம்பிக்கவில்லை. முந்தைய ஆளின் தேர்வு இழுத்துவிட்டது. தலையாட்டி டிப்போ வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாள். கடைசியில் மூக்குக்கண்ணாடி வந்தார், அவரேதான். அட்டையைப் புரட்டிப் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“தயாரா?”

“தயார்!” என்றாள். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. டிப்போவில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

டயர், விளக்கு, அவசரக் கதவு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பிரேக்கை மிதித்துக் காற்றழுத்த முள் நிற்பதைக் காட்டினாள். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள அந்த பஸ் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்பியதும், அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பயம் இல்லை அது. பயம் இவ்வளவு குதூகலமாக இருக்காது.

கழுத்து திரும்பியது, இடது கண்ணாடி, வலது கண்ணாடி, நடுக் கண்ணாடி. “அடுத்த சந்திப்புல இடது.” “சரி, இடது.” “ரயில் கேட்டுல என்ன செய்யணும்?” “நிக்கணும், கதவைத் திறந்து சத்தம் கேக்கணும், அப்புறம்தான் போகணும்.” வாய் வேலை செய்துகொண்டே இருந்தது; தலைமேல் இல்லாத டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. நிறுத்தத்தில் நடைபாதைக்கு ஒரு சாண் தள்ளி, அளந்து வைத்தது போல நிறுத்தினாள். ஒரு திருப்பத்தில் மட்டும் பின் சக்கரம் கொஞ்சம் அகலப் போய்விட்டது. டிப்போவுக்குத் திரும்பி, இரண்டு பஸ்களுக்கு நடுவே பின்பக்கமாகச் செருகியபோது இருபக்கமும் சமமாக இடம் இருந்தது. இன்ஜினை அணைத்தாள். மணி பதினொன்று இருபத்தைந்து.

மூக்குக்கண்ணாடி எழுதிக்கொண்டே, “ஒரே ஒரு தப்பு பண்ணீங்க. எங்கேன்னு தெரியுதா?” என்று கேட்டார்.

அந்தத் திருப்பம்தான், தெரியும். தெரிந்த சந்தோஷத்தில், ஒரு மணி நேரமாக அடங்கிக் கிடந்த தலை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகத் துள்ளியது. இடம், வலம், இடம்.

அவருடைய பேனா நின்றது. அதே சுருக்கம் நெற்றியில்.

முடிந்தது கதை என்று நினைத்தாள். நினைத்த மறுநொடி, இத்தனை நாளாக வராத ஒரு கோபம் வந்தது. டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினோமே, யாராவது இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொன்னோமா?

“அது ஆமாம்!” என்றாள். “நான் இப்ப பண்ணினது ஆமாம். எங்க ஊர்ல ஆமாம்னா இப்படித்தான். அந்த மூணாவது திருப்பத்துல பின் சக்கரம் அகலப் போச்சு. தெரியும்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு அட்டையைப் பின்னோக்கிப் புரட்டி, பழைய தாள் ஒன்றில் நின்றார்.

“அப்படின்னா அன்னைக்கு, புரிஞ்சுதான்னு நான் கேட்டப்போ...”

“புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது.”

“மூணு தடவை கேட்டேனே?”

“மூணு தடவையும் புரிஞ்சுது.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!” என்றார். சொல்லலாம் என்பதே அவளுக்கு இன்றுதானே தெரிந்தது. அட்டையின் அடியில் ஒரு கட்டத்தில் குறி போட்டு, தாளைக் கிழித்து நீட்டினார். தேர்ச்சி.

ஓடலாம் என்று பார்த்தால் விட மாட்டேன் என்கிறார்கள். இங்கே கையெழுத்து, அங்கே கையெழுத்து, அடையாள அட்டைக்குப் படம். “தலையை நேரா வச்சுக்கோங்க” என்றாள் படம் எடுத்த பெண். “அது மட்டும் இன்னைக்கு முடியாது” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மூன்றாவது முயற்சியில் படமாகி, சாலையைக் கடந்து பஸ் நிலையத்துக்குள் அவள் பாய்ந்தபோது மணி பன்னிரண்டாக ஒரு நிமிடம்.

விமான நிலைய பஸ்ஸின் கதவு மூடியிருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நான்காவது ஜன்னலில் ஊசி, நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றவள்!

இவளைக் கண்டதும் ஊசி உள்ளங்கையைத் திருப்பி, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

தலையாட்டி தலையை ஆட்டினாள். காலையிலிருந்து, பதினோராம் நாள் டம்ளரிலிருந்து, சேர்த்துவைத்திருந்த எல்லா ஆட்டத்தையும் ஆட்டினாள். ஊசி ஒரு வினாடி உற்றுப் படித்தாள். அவ்வளவுதான், இரண்டு கையாலும் ஜன்னலைத் தட்டிக்கொண்டு இருக்கையிலிருந்து குதித்தாள். பக்கத்தில் இருந்தவரின் தொப்பி விழுந்தது.

பஸ் டிரைவர் பக்கக் கண்ணாடியில் இவளைப் பார்த்தார். கதவைத் திறந்து, “ஏறுறீங்களா?” என்று கேட்டார்.

ஊசி கண்ணாடிக்குள்ளிருந்து அழுதுகொண்டே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் இவள் தலை ஆடியது. டிரைவருக்கு அது எப்படித் தெரியும்?

“ஏறுறீங்களா, இல்லையா?”

தலை இன்னும் ஆடியது. டிரைவர் குழம்பிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தார். அந்தத் திறந்த கதவைப் பார்த்துவிட்டாள் ஊசி. பைகளையும் மனிதர்களையும் தாண்டி வந்து, படியிலிருந்து அப்படியே இவள்மேல் விழுந்தாள்.

“சொன்னேன்ல! சொன்னேன்ல, மூதேவி!”

“நீ சொன்ன மாதிரி இல்லடி. ஆட்டிட்டேன். ஆட்டிட்டுத்தான் பாஸ் பண்ணேன்!”

“ஆட்டிட்டா? அப்ப நான் ஊத்தின தண்ணியெல்லாம்?”

“வீண்தான்.”

“என் பதினோரு நாளு!”

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் நனைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஊசியின் கையில் எப்போதும் இருக்கும் ஸ்பிரிட் வாசனை. அதைத் தலையாட்டி ஆழமாக இழுத்துக்கொண்டாள். மூன்றாம் மாடிச் சாவி இன்னும் தன் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது, கொடுக்கவில்லை. ஊசியும் கேட்கவில்லை.

“வரேன்டி” என்றாள் ஊசி, படியில் ஏறி நின்று.

ஒரே ஓர் ஆட்டம். மெதுவாக.

டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இரண்டு நிமிடத் தாமதம். தன் தேர்வாக இருந்தால் மார்க் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“கடைசியாக் கேக்குறேன். ஏறுறீங்களா?”

தலையாட்டி நிமிர்ந்து நின்றாள். கழுத்து நேர், தாடை நேர்.

“இல்லை” என்றாள் இந்த ஊர் பாஷையில், தெளிவாக. “நான் இங்கேதான். நாளையிலேருந்து நானும் ஓட்டுறேன்.”

கதவு மூடியது. பஸ் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்பியது. தன்னை அறியாமல், டிரைவரைப் போலவே, அது திரும்பும் பக்கத்துக் கண்ணாடியை அவளும் ஒருமுறை பார்த்தாள்.