என் அட்டைக்குக் கிடைத்த வேலை

பளபளப்பான லாரியைப் பார்த்து மயங்கி ஒருத்தி கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் அவளை எதால் அடிப்பது? அந்த அடிக்கு முதல் ஆளாக நிற்க வேண்டியவள் நான்தான்.

ரொட்டி ஆலையில் மாவு மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓட்டுநர் பள்ளிக்குப் போனேன். இரண்டு முறை தோற்று, ஒருவழியாகக் கனரக உரிமம் வாங்கினேன். என் படம் போட்ட ஓட்டுநர் அட்டையும் வந்தது. லாரியிலுள்ள பதிவுப்பெட்டியில் அதைச் செருகினால்தான் யார், எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று பதிவாகும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது சட்டம். அதில் தில்லுமுல்லு என்று பேர் வந்தால் உரிமமும் போச்சு, மறுபடி மாவு மூட்டைதான்.

எங்கள் பக்காவ் ஊரில் புது ஆளை எடுக்க இரண்டு கம்பெனிகள்தான் தயாராக இருந்தன. முதலாவது சிமெண்ட் கம்பெனி. நடத்துகிறவள் ஸ்மரந்தா. முகத்தில் சிரிப்பு என்று மருந்துக்கும் கிடையாது.

"இத்தாலி, ஜெர்மனின்னு கனவோட வந்திருந்தா இப்பவே கிளம்பு. இங்க சிமெண்ட்தான். மொத நாள்லேருந்து தனியா ஓட்டுவ. கண்ணாடிய உடைப்ப, நான் திட்டுவேன்."

என் அட்டையை நீட்டினேன். அவள் கையால்கூடத் தொடவில்லை. பென்சில் முனையால் என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"அத உள்ள வை. அது உன்னோடது. எதுக்கு என்கிட்ட நீட்டுற?"

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது ஓவிடியுவின் கம்பெனி. காபி, கேக், வாசலில் புத்தம் புது லாரிகள்.

"வாம்மா வியோரிக்கா, உட்காரு. அட்டை இருக்கா?"

வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை. அட்டையை வாங்கி, நகை வாங்குகிறவன்போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு கீறல் இல்லாம இருக்கு! திங்கக்கிழமை இத்தாலிக்குக் கிளம்புற. நம்ம நெக்குலாய் கூட வருவாரு, தொழில் கத்துக் குடுப்பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை லாரியில் ஏறியதுமே குமட்டியது. ஈரக் காலுறையும் வெங்காயமும் கலந்த நாற்றம். இருக்கைக்கு அடியில் உருண்ட பாட்டிலில் பாதி அளவு மஞ்சளாக ஏதோ தளும்பியது. ஆப்பிள் சாறு இல்லை.

"அண்ணே, இதக் கீழ ஊத்திடலாம்ல?"

"வழியில நிறுத்த எங்க நேரம் தங்கச்சி? பழகிக்கோ."

மத்தியானம் வரை நெக்குலாய் தன் அட்டையில் ஓட்டினார். பிறகு ஓரங்கட்டி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பைக் கத்தியால் சீவிப் பூண்டோடு மென்றார். கட்டைவிரலை நக்கிவிட்டு அதே கையை நீட்டினார்.

"உன் அட்டையக் குடு."

தன் அட்டையை எடுத்துவிட்டு என்னுடையதைச் செருகினார். என் முறை வந்துவிட்டதென்று எழுந்தேன்.

"எங்க போற?"

"ஓட்டத்தான்."

வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ உட்காரு. உன் அட்டை ஓட்டும்."

"அப்ப நான் எப்பண்ணே ஓட்டுறது?"

"ஓட்டவா உன்ன எடுத்தாங்க? ஓட்ட நான் இருக்கேன். என் நேரம் முடிஞ்சா போட இன்னொரு அட்டை வேணும், அவ்வளவுதான். உனக்கு முன்னால வந்தவனும் இப்படித்தான் கேட்டான்."

சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார். ஓடுகிற வண்டியில் அந்தப் பெட்டி அட்டையைத் திருப்பித் தராது. சீ, என்ன பிழைப்பு இது! வேறொருத்தியின் பெயரில் இந்த ஆள் விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறான். பாட்டிலைவிட அந்த விசில்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

எங்கள் நாட்டு எல்லையைத் தாண்டி ஹங்கேரியில் நுழைந்து கொஞ்ச தூரத்தில் சோதனைக்காரர்கள் லாரிகளை வரிசையில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி வரிசையில் நின்றதுமே நெக்குலாய் பின்பக்கப் படுக்கைக்குத் தாவினார்.

"இந்தப் பக்கம் வாடி, சீக்கிரம்!"

ஓட்டுநர் இருக்கை அவர் வியர்வையில் ஊறிச் சூடாக இருந்தது. அந்த ஸ்டியரிங்கை நான் தொட்டது அதுவே முதல் தடவை. பின்னால் போர்வைக்குள் குறட்டை ஆரம்பித்தது.

அதிகாரிக்கு எங்கள் மொழி கொஞ்சம் தெரிந்திருந்தது. பதிவுப்பெட்டியைப் பார்த்தார்.

"மத்தியானத்துலேருந்து நீங்களா ஓட்டிட்டு வர்றீங்க, மேடம்?"

குறட்டை நின்றது. "ஆமான்னு சொல்லு" என்று போர்வை கிசுகிசுத்தது.

ஆமாம் என்றால் போய்விடலாம். அட்டைக்கும் இன்றைக்கு ஆபத்தில்லை. நாளைக்கும் மத்தியானம் அந்தக் கை நீளும்.

"இல்ல சார். இந்த ஸ்டியரிங்கை இப்பத்தான் தொடுறேன். ஓட்டினவர் பின்னாடி படுத்திருக்கார்."

அபராதம் எனக்கும் உண்டு. உரிமத்தைப் பறிக்கச் சொல்லி எழுதவில்லை, அதுவே பெரிசு. "சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடி!" என்று நெக்குலாய் தலையில் அடித்துக்கொண்டார். ஓவிடியு போனில் கத்தினான்: "சும்மா உட்கார்ந்து வர்றதுக்குச் சம்பளம் குடுக்கறேன். உனக்கு என்னம்மா நோவு?" காதைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

"வண்டி வழிய மறைக்குது. உங்களால அந்த ஓரத்துல நிறுத்த முடியுமா?" என்றார் அதிகாரி.

இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினேன். அந்தக் கம்பெனிக்காக நான் ஓட்டியது மொத்தமே அவ்வளவுதான்.

அட்டையை வெளியே எடுத்தேன். படத்திலிருந்த என் முகத்தின் மேல் நெக்குலாயின் கட்டைவிரல் ரேகை, கொழுப்பும் பூண்டுமாக. சட்டை நுனியால் தேய்க்கத் தேய்க்க முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. தேய்த்துக்கொண்டே ஸ்மரந்தாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இப்ப அட்டை யார் கையில இருக்கு?"

"என் கையிலதான்."

"பஸ் புடிச்சு வா."