கடல்நாயின் இரண்டாவது பல்

மூன்றாம் மாடிப் பெண் கடல்நாய்களின் பல்லைப் பொடியாக்கிச் சம்பளம் வாங்குகிறாள். மரபணு ஆராய்ச்சியாம். நான் ஒட்டுக்கேட்கிற ரகம் இல்லை. மாடிப்படி என் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது, அவள் போனில் பேசிக்கொண்டே ஏறுகிறாள், நான் என்ன செய்ய?

அன்று பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். "லேபிள் மாறலை சார். மறுபடி சோதிச்சு வேற மாதிரி வந்தா கட்டுரையை நானே வாபஸ் வாங்கிக்கறேன். போதுமா?"

கதவைத் திறந்தேன். கையில் குப்பைக் கூடை இருந்தது. வெறுங்கையோடு திறந்தால் நன்றாயிருக்காது.

"என்னம்மா, பேராசிரியரா?"

"ஆமாக்கா. மூணு வருஷ வேலை, ஒத்தைப் பல்லுல தொங்குது."

விஷயம் இதுதான். இருபதாயிரம் வருஷத்துக்கு முன்பு, பனியுகத்தில், இந்த வடகோடி ஊரின் விரிகுடா உறைந்துபோனது. கடல்நாய்கள் எல்லாம் தெற்கே ஓடி, பனி உருகியதும் திரும்பி வந்தன என்பது ஊரறிந்த கதை. இவள் சோதித்த பற்கள் எல்லாம் அதையேதான் சொல்லின, ஒன்றைத் தவிர. இந்தக் கரையில் கிடைத்த ஒரு பழைய மண்டையோட்டின் பல் அது. அதன் மரபணு தெற்கே போன கூட்டத்தோடு ஒட்டவே இல்லை. உறையாத ஏதோ மூலையில் சில கடல்நாய்கள் இங்கேயே தங்கி, பல்லாயிரம் வருஷம் தனியாகப் பெருகித் தனி வம்சமாகிவிட்டன என்கிறாள் இவள். எங்கோ வேறு கடலில் கிடைத்த பல்லில் இந்த ஊர் லேபிள் மாறி ஒட்டிவிட்டது என்கிறார் பேராசிரியர். பல்லோ மொத்தமும் பொடியாகித் தீர்ந்துவிட்டது.

"மண்டையோடு எங்க?"

"கப்பல் பைலட்கிட்ட திருப்பிக் கொடுத்தாச்சுன்னு பதிவேட்டுல இருக்கு. பேர்கூட எழுதலை. நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. தினமும் அந்த பைலட்டின் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். தரைத்தளத்துப் பெரியவர் நாற்பது வருஷம் கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கூட்டி வந்தவர். அவர் தன் மூக்குக்கண்ணாடியை எதன்மேல் மாட்டி வைக்கிறார் என்று இந்தக் கட்டடத்தில் தெரியாதவள் இவள் ஒருத்திதான். இருபதாயிரம் வருஷம் தெரியும், கீழ்வீடு தெரியாது.

கையோடு கூட்டிப் போனேன். செருப்பு அலமாரியின் மேல் மண்டையோடு, அதன் மேல் கண்ணாடி. தாடையில் ஒரு பல் இல்லை. உட்புறம் கண்டெடுத்த தேதியும் இடமும் பென்சிலில். பால் பாக்கெட்டிலேயே தேதி எழுதி வைக்கிற மனுஷர்.

இன்னொரு பல் வேண்டும் என்றதும் துள்ளிவிட்டார். "என் வாயில நாலுதான் மிச்சம். வேணும்னா அதுல ஒண்ணு பிடுங்கிக்கோ. இதுல கை வைக்காதே. போன தடவை பல்லை வாங்கிட்டுப் போனவங்க நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"அங்கிள், எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனப்ப, போகமாட்டேன்னு இங்கயே கிடந்தவங்க வாரிசு இது. அதை நிரூபிக்கத்தான் கேக்கறேன்."

பெரியவர் நிமிர்ந்தார். "பனி மூடினப்பவுமா?"

"மூடினப்பவும்."

அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் வெளியூரில். 'அந்த ஊர் மழையில தனியா எதுக்கு, வீட்டைப் பூட்டிட்டு வந்துடுங்கப்பா' என்று ஞாயிறு தவறாமல் போன் வரும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சரி, எடுத்துக்கோ. பின்பக்கமா எடு, சிரிப்பு கெடக்கூடாது."

பதினோரு நாள். அவள் முகம் ஒருநாள்கூட வாடவில்லை. நகம் கடித்தது நான்தான். பன்னிரண்டாம் நாள் மாடிக்குக்கூடப் போகாமல் நேரே பெரியவர் கதவைத் தட்டினாள். அதே மரபணு, அச்சுப் பிசகவில்லை. மறுநாள் பேராசிரியரே வந்தார். குனிந்து, பென்சில் எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு, "லேபிள் சரிதான்மா" என்றார், பல்வலிக்காரர் மாதிரி. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எத்தனை படம் வேணும்னாலும் எடுங்க. மூணாவது பல்லு மட்டும் கேக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குரல் என் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"வரலைடா. பனியுகத்துக்கே நகராதவங்க இருந்திருக்காங்க, இந்த மழைக்கா நான் நகரப்போறேன்? என்னது? யாரு சொன்னதா? ஆதாரம் வச்சிருக்கேன்டா, செருப்பு அலமாரி மேல!"