மூன்று டிகிரிச் சூடு

சாம்பல் காற்று கிளம்பிவிட்டால் மங்கம்மாவுக்குப் பத்துக் கை முளைத்துவிடும். சோற்றுப் பானைக்குத் தட்டு, தண்ணீர் டிரம்முக்கு ஈரத்துணி, கருவாட்டுக் கூடைக்குத் தார்ப்பாய். கடைசியாக, உள்ளறையில் புருஷன் வைத்திருக்கும் பெட்டிமேல் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை. எண்ணூர்க் குப்பத்தில் எல்லாப் பொம்பளைகளுக்கும் பழகிப்போன ஓட்டம்தான் இது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டை காய்ந்து, மேற்கிலிருந்து காற்றும் அடித்தால், மூடாத பண்டம் எதையும் வாயில் வைக்க முடியாது.

பெட்டி என்பது மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் சாதாரணத் தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஒரு கண்ணாடி ஜாடி, ஜாடியில் அணு உலைகளில் ஊற்றும் கனநீர், கனநீருக்குள் விரல் நீளத்துக்குப் பலேடியம் கம்பி. மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள் இப்படி ஒரு ஜாடியைக் காட்டி, சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவு மேசைமேலேயே நடக்கிறது, கொடுக்கிற மின்சாரத்தைவிட அதிகச் சூடு வருகிறது என்றார்கள். உலகமே செய்து பார்த்தது. பெரும்பாலோருக்கு வரவில்லை. சிரித்துவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார்கள். விடாப்பிடியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் சிலரில் கருணாகரனும் ஒருவர்.

அவருக்குக் காரணம் இருந்தது. இருபத்தாறு வருஷம் அந்த அனல்மின் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதித்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வேலையை விட்டு வீட்டோடு வந்தவர். மகள் சினேகா பன்னிரண்டு வயதில் இளைப்பு முற்றி, மூச்சுக்கு வாய் பிளந்தபடியே போனாள். புகையும் தூசியும்தான் என்றார் டாக்டர். கரியில்லாத, சாம்பலில்லாத நெருப்பைக் கண்டுபிடிக்காமல் சாவதில்லை என்று அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், பதினொரு வருஷம் ஆகிறது.

கொடுத்த மின்சாரத்துக்குப் பெட்டி அறையைவிடப் பதினொரு டிகிரி சூடாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சில நாள் மட்டும் பதினாலுக்கு ஏறும். அந்த மூன்று டிகிரி எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய மொத்த வாழ்க்கையும். ஏறிய நாளில் மனுஷன் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார், பாட்டுகூட முணுமுணுப்பார். பாவம் என்று மங்கம்மாவும் சந்தோஷப்படுவாள்.

ஊர்ப்பட்ட கடிதம் போட்டதில் ஒரு பல்கலைக்கழகம் கடைசியில் மனமிரங்கியது. சோதித்துப் பார்க்க நர்மதாவை அனுப்பினார்கள். வியாசர்பாடிப் பெண், இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். உண்மையென்றால் ஊருக்கே சொல்வோம், இல்லையென்றால் இனிமேல் கடிதம் வரக்கூடாது என்பது நிபந்தனை. மூன்று வாரமாக வந்து போகிறாள். இன்று கடைசி நாள்.

காலையில் கருணாகரன் டீக்கடைக்குப் போயிருந்தார். நர்மதா சுவரில் தொங்கிய காலண்டர் முன்னால் நின்றவள் நகரவேயில்லை. கையில் அவர் தினமும் சூட்டைக் குறித்துவைக்கும் நோட்டு இருந்தது.

“அம்மா, இந்தக் கரிக்கோடெல்லாம் எதுக்கு?”

“சாம்பல் வந்த நாளு கண்ணு. மாசு ஆபீஸ்ல மனு குடுத்தா தேதி கேக்கறாங்கோ. அதான் குறிச்சிகினு வர்றேன்.”

“பதினாலு டிகிரி வந்த தேதியெல்லாம் இதேதாம்மா. ஒண்ணுகூட மாறல. அந்த நாள்ல இங்க வேற இன்னா பண்ணுவீங்க?”

“நா இன்னா பண்ணப் போறேன்? எல்லாத்தயும் மூடுவேன். இந்தப் பொட்டியுந்தான்.” போர்வையை எடுத்துக் காட்டினாள்.

நர்மதா முகம் வாடிவிட்டது. “போத்தினா உள்ள கீற சூடு வெளிய போவாதும்மா. அதான் ஏறிக்கீது.”

மூடி வைத்த சோறு ஆறாது என்பதை மங்கம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அவரு பாக்கலயா?” என்றாள் நர்மதா.

“நா இன்னா செய்றேன்னு அந்தாளு என்னிக்குப் பாத்தாரு?”

“இன்னிக்குக் காத்து வந்தா இத மட்டும் மூடாதீங்கம்மா. ஒரு தபா பாத்துடலாம்.”

மதியம் காற்று வந்தது. மங்கம்மா பானையை மூடினாள், டிரம்மை மூடினாள், கூடையை மூடினாள். போர்வையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றாள். கருணாகரன் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பேனாவும் கையுமாக நர்மதா. ஏறட்டும், தாயே, எப்படியாவது ஏறட்டும் என்று வேண்டினாள். தன் கையால் கெட்டது என்று இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. பதினொன்று. பதினொன்றிலேயே நின்றது.

“மங்கா,” என்றார் திரும்பாமல். “பொட்டிய மூடு.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

“ஒனக்குத் தெரியுமாய்யா?”

“வேலய வுட்டு வூட்டோட வந்த மொத ஆடியிலயே தெரியும். நீ மூடினா ஏறும். எடுத்தா எறங்கும்.”

“ரெண்டு வருசமாவா? அப்பால இன்னாத்துக்குய்யா லெட்டரு மேல லெட்டரு போட்ட?”

“இதுவும் இல்லன்னா, இருபத்தாறு வருசம் நா அங்க வேல பாத்ததுதான மிச்சம்?” அப்போதும் அவர் திரும்பவில்லை. “செத்துப்போன அந்தப் புள்ளைக்கு நா இன்னா பதில் சொல்வேன்?”

பாவம் என்று நினைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்த மனுஷன் பாட்டு முணுமுணுத்திருக்கிறார், காரணம் தெரிந்தே. சாம்பல் வராதா என்று காத்துக்கொண்டுகூட இருந்திருப்பார். சினேகா போனபோதுகூட அவர்மேல் வராத ஆத்திரம் இப்போது வந்தது. போர்வையைக் கீழே போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து கரித்துண்டை எடுத்துவந்தாள். காலண்டரில் இன்றைய தேதிமேல் கோடு போட்டாள்.

“பதினொண்ணுன்னே எழுதிக்கோ கண்ணு. இன்னிக்கும் சாம்பல் வந்துச்சுன்னு கூடவே எழுது.”

நர்மதா பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“அது இந்த ரிப்போர்ட்ல வராதும்மா.”

“அப்ப எதுலதான் வரும்?” என்று கேட்டாள் மங்கம்மா.