மூடியைத் திறக்க அரை மணி நேரம்

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மிடிக்குப் போகிற வழியில், ஒரு புளியமரத்தடியில், நான் செய்த தப்பிலிருந்து வந்த கதை இது. இதில் வரும் சோபனா நான்தான். 'நான்' என்று எழுத ஐந்து முறை உட்கார்ந்தேன், கை கூசியது. பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

2.
ஏப்ரல் மாதத்து வெயில் பாப்பாரப்பட்டிச் சாலையில் உருகி —

(வேண்டாம். வெயிலை வர்ணித்துத் தப்பிக்கப் பார்க்கிறாள்.)

சோபனாவுக்குச் சென்னையில் ஒரு சிறுகதைப் பரிசு. பொம்மிடியில் ரயிலைப் பிடிக்க வேண்டும். பாப்பாரப்பட்டியில் வாடகைக் கார் எடுத்தாள். ஓட்டியவர் மாதப்பன். பாதி வழியில் அவர் கேட்டார்:

"ஏசிய நிறுத்திக்கலாங்களா மேடம்? சூடு காட்டுற முள்ளு ஏறுதுங்க. ஹீட்டரப் போட்டா இன்ஜின் சூட்டக் கொஞ்சம் இழுத்துக்கும்ங்க."

"இந்த வெயில்ல ஹீட்டரா? நல்லா இருக்குண்ணா!" என்று சிரித்தாள் சோபனா. ஏசி ஓடியது.

(அவர் சொன்னது சரி. ஏசி கக்கும் சூடு நேரே ரேடியேட்டர் மேல்தான் விழுகிறது. ஹீட்டரோ இன்ஜினின் சூட்டைத்தான் வாங்கி உள்ளே ஊதுகிறது. சோபனா இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டாள். கண் கெட்ட பிறகு — இல்லை, அந்தப் பழமொழி இங்கே வேண்டாம்.)

3.
புளியமரத்தடியில் வண்டி நின்றது. பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி.

"அரை மணி நேரம் ஆற உடணும்ங்க மேடம். ரேடியேட்டர் மூடிய இப்பத் தொறந்தா மூஞ்சிக்கே அடிக்கும்ங்க."

"ரயிலு போயிடும்ண்ணா! சீக்கிரம், துணியப் போட்டுத் தொறந்து தண்ணி ஊத்துங்களேன்."

வண்டியில் ஏறியவர்கள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனுஷன். தோளிலிருந்த துண்டை எடுத்து மூடியின் மேல் போட்டு, கையை வைத்தார்.

இங்கே நிறுத்துகிறேன்.

4.
இன்ஜின் ஆறும்வரை எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றிப் பேசலாம். பம்ப் அதை இன்ஜினைச் சுற்றி ஓட விடுகிறது. சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கு வந்து, காற்றில் ஆறி, மறுபடி ஓடுகிறது. மாதப்பன் ஊற்றியது போர்த் தண்ணீர். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் குழாயில் உப்புப் பூத்து அடைத்துவிடும். கூலன்ட் ஊற்றியிருக்கலாம், குழாய்களைக் கழுவியிருக்கலாம், ஃபேனைச் சரி பார்த்திருக்கலாம். (பார்த்தீர்களா, பழி இப்போது அவர் பக்கம் நகர்கிறது.)

மூடி இறுக இருக்கும்வரை தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் நொடியில் கொதித்துப் பீறிடும். மாதப்பனுக்கு இது தெரியும், சோபனாவுக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவள் பேச்சைக் கேட்டார்.

5.
முடிவு அ: காத்திருக்கிறார்கள். ரயில் போய்விடுகிறது. (இப்போது எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.)

முடிவு ஆ: அவர் முகம் வெந்துவிடுகிறது. சோபனா கூடவே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். அவர் மனைவி வரும்வரை வாசலிலேயே — (மனைவிக்குப் பெயர் வேண்டும். நான் கேட்டு வைத்திருக்கவில்லை.)

நடந்தது: பின்னால் வந்த ஒரு பைக்கில் அவரை ஏற்றிவிட்டாள். ஓர் ஆட்டோவை மறித்துப் போய் ரயிலைப் பிடித்தாள். அன்றைக்கு ரயில் நாற்பது நிமிடம் தாமதம். மறுநாள் மேடையில் எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் காரை அனுப்பியவர் போனில் சொன்னார், மாதப்பனுக்கு இடது கண் போய்விட்டது என்று.

6.
இந்தத் தாளில் மட்டும் அவர் கை இன்னும் மூடி மேல்தான் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை அது திருகாது. இதுவரை வாசிக்க உங்களுக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் இருபத்தேழு வேண்டும். என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததே இவ்வளவுதான். வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள். எந்த ஊருங்க, எத்தனை பிள்ளைங்க, எதையாவது. உங்கள் தண்ணி பாட்டிலை நீட்டி, நிழலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் மெதுவாகத்தான் பேசுவார். நடுவில் மட்டும் மணி பார்த்துவிடாதீர்கள்.